"பூஞ்சை வைக்கோல்" மூட்டை வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

"பூஞ்சை ஏற்றிய வைக்கோல், புரதம் இரண்டு மடங்கு, அடர்தீவனமே வேண்டாம்" என்று சொல்லி ஒருவர் ஆட்டுத் தீவனம் விற்கிறார். எனக்கு வந்து சேர்ந்தது காளான் பறித்து முடித்த பழைய படுக்கைகள், அதாவது காளான் வளர்க்க வைக்கோல் அடைத்த பைகள்.

பையைக் கிழித்ததுமே தெரிந்துவிட்டது. துளை போட்ட இடங்களில் காளான் அறுத்த அடிக்காம்புகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வைக்கோல் பழுப்பேறிப் பிசுபிசுவென்று இருந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பூசணம். பூஞ்சை நன்றாக ஏறிய வைக்கோல் வெள்ளை வெளேரென்று இருக்கும், காளான் வாசம் அடிக்கும். இது புளித்து நாறியது. எதைப் போட்டாலும் மேயும் கிடாகூட முகர்ந்துவிட்டு விலகிப் போனது.

கேட்டதற்கு, "காளானுக்கும் தீவனத்துக்கும் ஒரே பூஞ்சைதானே?" என்றார். சரி, பூஞ்சை ஒன்றுதான். எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தானே விஷயம் இருக்கிறது! சிப்பிக் காளான் போன்ற பூஞ்சைகள் வைக்கோலை விறைப்பாக்கும் லிக்னின் என்ற கடினப் பொருளைச் சிதைக்கும். ஆக்சிஜன் இல்லாத ஆட்டு வயிற்றில் லிக்னின் செரிக்காது. அது உடைந்தால்தான் உள்ளே சிக்கியிருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ச்சத்து வயிற்று நுண்ணுயிர்களுக்கு எட்டும். ஆனால் விட்டுவைத்தால் அந்தச் செல்லுலோஸையும் பூஞ்சையே தின்றுவிடும். பல அறுவடை கண்ட படுக்கையில் ஆட்டுக்கு என்ன மிஞ்சும்? புரதக் கதையும் அப்படித்தான். புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜனைப் பூஞ்சை காற்றிலிருந்து எடுக்காது. மற்ற சத்து கரைந்து எடை குறைவதால் சதவீதம் மட்டும் ஏறித் தெரியும்.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். பூஞ்சை ஏற்றுமுன் கிருமி போக வைக்கோலை வெந்நீரில் போட்டீர்களா, ஆவியில் வேகவைத்தீர்களா என்று கேட்டேன். மழுப்பினார். அப்புறம்தான் "மருந்துத் தண்ணீர்" என்று வாயிலிருந்து வந்தது. கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஃபார்மலின் என்ற கிருமிநாசினியும் கலந்த தண்ணீர்! காளான் வளர்ப்பில் பலர் செய்வதுதான். அதையே தீவனம் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

பணம் திரும்ப வரவில்லை. மூட்டைகளைத் தீவனத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டேன்.

வாங்குகிறவர்கள் ஒரு பையை அங்கேயே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். காம்பு இருந்தால் அது கழிவுப் படுக்கை. பச்சையோ கறுப்போ ஓர் ஓரத்தில் தெரிந்தாலும் முழுப் பையையும் தள்ளுங்கள். பூசண நச்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. எதில் ஊறவைத்தது என்பதை எழுதி வாங்குங்கள். அந்த ஆள் இப்போது அதே சரக்கைக் கறவை மாட்டுத் தீவனம் என்று வேறு பெயரில் விற்கிறார்.