எஸ்-19-ஆ, ஆர்.பி.51-ஆ? சோதனையைப் பேசாமல் தடுப்பூசியைப் பேச முடியாது

புருசெல்லா கிருமியால் மாடு கருக்கலைந்து கன்றை வீசும் ‘கன்று வீச்சு’ நோய்க்கு (புருசெல்லோசிஸ்) எந்தத் தடுப்பூசி நல்லது, எஸ்-19-ஆ, ஆர்.பி.51-ஆ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மந்தையில் நோய் இருக்கிறதா என்பதை எந்தச் சோதனையால் அறியப் போகிறீர்கள்? புருசெல்லா கிருமியைப் பொறுத்தவரை இவ்விரண்டு கேள்விகளையும் பிரிக்க முடியாது. நோயால் உண்டாகும் எதிர்ப்பொருளும் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருளும் ஒன்றுபோல இருந்துவிட்டால், ஒரு மாட்டின் ரத்தம் ‘உண்டு’ என்று காட்டும்போது அது நோயா, ஊசியா என்பது விளங்காது. நல்ல மாடு கழிக்கப்படலாம். அல்லது நோயுள்ள மாடு, ‘ஊசி போட்டதால் அப்படிக் காட்டுகிறது’ என்ற சமாதானத்தோடு கொட்டகையிலேயே நிற்கலாம். இரண்டாவதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

மாடுகளுக்கு எஸ்-19 மூத்த தடுப்பூசி. ஜான் பக் 1923-இல் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமி அது. ஆய்வகத்தில் அறை வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்து வீரியம் இழந்தது. ஆர்.பி.51 பிற்காலத்தது. 2308 என்ற வீரியமான வகையை ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பெற்றார்கள். அமெரிக்கா 1996-இல் எஸ்-19-ஐக் கைவிட்டு இதற்கு மாறியது. இரண்டுமே உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமிகள்.

வேறுபாடு கிருமியின் மேற்பரப்பில் இருக்கிறது. நோய்க்கிருமியின் வெளிச்சவ்விலிருந்து ‘ஓ’ சங்கிலி எனப்படும் சர்க்கரைத் தொடர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எஸ்-19-க்கும் அது உண்டு, ஆர்.பி.51-க்குக் கிட்டத்தட்ட இல்லை. நாம் வழக்கமாகச் செய்யும் ரத்தச் சோதனைகள் தேடுவதோ அந்தச் சங்கிலிக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான். ஆகவே ஆர்.பி.51 போட்ட மாடு ‘உண்டு’ என்று காட்டினால் தடுப்பூசியின் மேல் பழிபோட முடியாது. எஸ்-19 போட்ட மாட்டில் அந்தத் தெளிவு கிடைக்காது.

இதை வைத்து ஆர்.பி.51-தான் மேல் என்று முடிவு கட்டுபவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோதனையைக் குழப்பாமல் இருப்பது ஒரு தகுதி. நோயைத் தடுப்பது வேறு தகுதி. நோய் பரவலாக இருக்கும் மந்தையில் ஆர்.பி.51 எஸ்-19-ஐ விட நன்றாகக் காக்கிறது என்று நிலைநாட்டப்படவில்லை. எஸ்-19-இன் குழப்பத்தையும் பெருமளவு தவிர்க்க வழி இருக்கிறது. மூன்று முதல் ஆறு மாத வயதுக் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும் போட்டால், பெரும்பாலானவற்றில் எதிர்ப்பொருள் சினைப் பருவத்துக்குள் தணிந்துவிடும். தோலுக்கடியில் செலுத்தாமல், குறைந்த அளவைக் கண்ணில் சொட்டாக விட்டால் இன்னும் விரைவில் தணியும். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால்தான் நெடுநாள் நீடித்துத் தொல்லை தருகிறது. சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையக்கூடும். காளைக்கு விதை வீங்கக்கூடும். சினையில் கரு கலையும் அபாயம் ஆர்.பி.51-இல் குறைவு, அதற்காக அறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

மனிதர் பக்கம் பார்த்தால் ஆர்.பி.51-இன் சிறப்பே அதன் குறையாகிறது. ஊசி கைதவறிக் குத்தினாலோ, அக்கிருமி வெளியேறும் மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தாலோ ஒருவருக்குத் தொற்றலாம். 2017-இல் அமெரிக்காவில் காய்ச்சாத பால் குடித்தவர்களிடம் இது உறுதியானது. வழக்கமான ரத்தச் சோதனை, தொற்றியவருக்கும் ‘இல்லை’ என்றே சொல்லும். இந்நோய்க்கு மருத்துவர்கள் டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் பலிக்காது, ஏனென்றால் அந்த மருந்தை எதிர்த்தே வளர்ந்த கிருமி அது. எஸ்-19 மனிதருக்குத் தொற்றினால் சோதனையில் தெரியும், ரிஃபாம்பிசினுக்கும் அடங்கும். கால்நடைத் துறையில் வேலை செய்பவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தேர்வு இதுதான்: நோய் மலிந்த இடத்தில் எஸ்-19, கன்றுகளுக்கு மட்டும். நோய் அருகி, ஒவ்வொரு ‘உண்டு’ மாட்டையும் கழிக்க முடிகிற கட்டத்தில் ஆர்.பி.51. வெள்ளாடு, செம்மறிக்கு இந்தப் போட்டியே இல்லை. கண்ணில் விடும் ரெவ்.1 தடுப்பூசிதான். அதுவும் சினையில் ஆபத்து, மனிதருக்குத் தொற்றினால் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்கும் அடங்காது.

இனிச் சோதனைகள். ரோஸ் பெங்கால் என்ற ரத்தச் சோதனையை எளிமையானது என்பதற்காக மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. வெள்ளைத் தட்டில் 25 அல்லது 30 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்), அதே அளவு இளஞ்சிவப்பு ஆன்டிஜென் (சாயமேற்றிய கொன்ற கிருமிக் கரைசல்). கலந்து, தட்டை மெல்ல ஆட்டி நான்கு நிமிடம் பார்க்க வேண்டும். சிறு மணிகளாகத் திரிந்தால் ‘உண்டு’. நிறம் சீராகவே நின்றால் ‘இல்லை’. மங்கலான திரிதலையும் விடக் கூடாது. ஆன்டிஜெனின் பி.எச். 3.65, அதாவது நல்ல அமிலத்தன்மை, என்பதால் தொடர்பில்லாத ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள்களின் குறுக்கீடு குறைகிறது. ஒரு நாள் காத்திருந்து படிக்கும் பழைய குழாய்ச் சோதனைக்கு இந்த வசதி இல்லை. அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் எஸ்-19-ஐயும், இதே போன்ற ‘ஓ’ சங்கிலியுள்ள யெர்சினியா ஓ:9 என்ற வேறு கிருமியின் தொற்றையும் ரோஸ் பெங்கால் நோயாகக் காட்டிவிடும். எனவே சல்லடையாக அதை வைத்துக்கொண்டு, ‘உண்டு’ என்றவற்றைப் போட்டி எலைசா என்ற இன்னொரு ரத்தச் சோதனைக்கு அனுப்பலாம். எஸ்-19 போட்ட மாடுகளைப் பிரித்தறிவதில் அது மேல், என்றாலும் முழுமையாகப் பிரித்துவிடாது.

பாலில் எதிர்ப்பொருளைத் தேடும் பால் வளையச் சோதனை கறவை மாட்டு மந்தைக்கு மலிவான காவல், ஆடுகளுக்குச் செல்லாது. மடிநோய்ப் பாலும் சீம்பாலும் அதை ஏமாற்றும்.

கன்று வீசிய பிறகு மாதிரி கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ரத்தம் மட்டுமே கொண்டுவருகிறார்கள். நஞ்சுக்கொடியும் கலைந்த கருவின் இரைப்பை நீரும்தான் கிருமி நிறைந்தவை. அவற்றில் கிருமியை வளர்த்துக் காட்டுவதே இறுதிச் சான்று. ஆனால் வளரவில்லை என்று சொல்ல இரண்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். ஆய்வாளருக்கே தொற்றும் கிருமி இது. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். அந்த ஆபத்தைக் குறைத்து ஒரே நாளில் சொல்லிவிடும். புரூஸ்-லேடர் என்ற பி.சி.ஆர். முறை எஸ்-19, ஆர்.பி.51, ரெவ்.1 மூன்றையும் நோய்க்கிருமியிலிருந்து பிரித்தே காட்டும். எனவே மாதிரியைக் கையுறையோடு எடுத்து, கசியாமல் மூடி, பனிக்கட்டியில் அனுப்புங்கள். ரத்தச் சோதனை அன்று ‘இல்லை’ என்று வந்தாலும் நம்பிவிட வேண்டாம். கன்று வீசும் நேரத்தில் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாமல் இருக்கலாம். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கும்வரை அந்த மாடு தனியாகவே நிற்கட்டும்.