மலையா, ஆறா, அலையா? மதுரையிலிருந்து இலங்கை கிளம்புகிறவர்களுக்கு

மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. பஸ்ஸில் கொடைக்கானல் போய்ச் சேர இதைவிட அதிக நேரம் ஆகும். அதனால் நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்ததும் நண்பர்கள் கேட்பது இதைத்தான்: சிவனொளிபாதமலை ஏறலாமா, கித்துல்கல ஆற்றில் ரப்பர் படகேறி ராஃப்டிங் போகலாமா, அறுகம்பையில் பலகை வைத்து அலைமேல் சர்ஃபிங் கற்கலாமா? மூன்றையும் நாலு நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள். பாதி லீவு வண்டியிலேயே கரைந்துவிடும்.

போட்டோவைப் பார்த்து முடிவெடுக்காமல் முதலில் காலண்டரைப் பாருங்கள். மலைக்கு சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. போயா என்றால் பௌர்ணமி, வெசாக் என்பது மே வாக்கில் வரும் புத்தர் பௌர்ணமி. 2025இல் நம் அழகர் வைகையில் இறங்கிய அதே பௌர்ணமிதான் அங்கே வெசாக். ஆகவே பொங்கல் லீவு என்றால் யோசிக்காமல் மலை. சீசன் முடிந்தபின் வழியில் விளக்கு எரியாது, டீக்கடை இருக்காது, மழையும் அட்டையும்தான். அறுகம்பை நேர் எதிர். மே முதல் அக்டோபர் வரைதான் அங்கே நல்ல அலை. கித்துல்கல ஆறு அநேகமாக வருஷம் முழுக்க ஓடும்.

மலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். உயரம் 2,243 மீட்டர். கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயிலில் ஹட்டன், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஏறத் தொடங்கினால் விடியும்போது உச்சியில் இருக்கலாம். சதுரகிரி ஏறிய பழக்கம் போதும் என்று நம்பிப் போகாதீர்கள். தாணிப்பாறையிலிருந்து ஏறும்போது பாறை, ஓடை, சமதளம் என்று கால் மாறி மாறி வேலை செய்யும். இங்கே 5,000க்கும் மேல் படிகள். ஏறும்போது மூச்சு தாங்கிவிடும், இறங்கும்போது முழங்கால் கெஞ்சும். முட்டி வலி உள்ளவர்களை வற்புறுத்திக் கூட்டிப்போக வேண்டாம்.

வியர்வையில் சட்டை நனைந்திருக்கும் நேரத்தில் உச்சிக் காற்று அடித்தால் பல் கிட்டிக்கும். காய்ந்த பனியன் ஒன்றும் ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும், கடைசி டீக்கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். சூரியன் கிளம்பியதும் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பள்ளத்தாக்கின் மேல் விழுந்து கிடக்கும், கொஞ்ச நேரத்தில் சுருங்கிவிடும். உச்சியில் ஒரு மணி உண்டு, எத்தனை தடவை மலை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பாட்டி பதினொரு தடவை அடித்தார்.

இன்னொன்று, அங்கே தமிழிலேயே சமாளிக்கலாம். ஹட்டன் பக்கம் மலையகத் தமிழர்கள். “மதுரையா தம்பி? எங்க பாட்டன் அந்தப் பக்கந்தான்” என்று டீக்கடைக்காரர் சொன்னபோது வெளியூரில் நிற்கிற நினைப்பே போய்விட்டது.

அடுத்தது கித்துல்கல. களனி ஆற்றில் ரப்பர் படகு, சுமார் ஒன்றரை மணி நேரம். நடுத்தர வேகச் சுழிப்புகள்தான் என்பதால் முதல் தடவை போகிறவர்களுக்குத் தோது. கொழும்புக்குப் பக்கம், ஒரே நாளில் போய்த் திரும்பலாம். நேரம் குறைவு என்றால் இதுதான் சரி. ஆனால் மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, திறக்கிற தண்ணீரைப் பொறுத்து ஆற்று மட்டம் மாறும். வைகை அணை திறந்தால் இங்கே கரையோரத்துக்கு எச்சரிக்கை விடுகிறார்களே, அந்த மாதிரிதான். அன்றைய நீர்மட்டம் எப்படி என்று கேட்காமல் படகில் ஏறாதீர்கள்.

எனக்கு அங்கே முதலில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி விரிசல் விட்டிருந்தது. தோள்பட்டை வாரைப் பிடித்து மேலே இழுத்தேன், ஜாக்கெட் காது வரை ஏறிவிட்டது. தண்ணீரில் விழுந்தால் அது தலை வழியாகவே கழன்று போயிருக்கும். வேறு கேட்டு வாங்கி, இழுத்தும் நகராமல் இருந்த பிறகே ஏறினேன். நீங்களும் இழுத்துப் பாருங்கள்.

அறுகம்பை கொழும்பிலிருந்து சாலை வழியாக ஏழெட்டு மணி நேரம். போக வர இரண்டு நாள் போய்விடும், மிச்சமுள்ள இரண்டு நாளில் பலகை மேல் எழுந்து நிற்கப் பழகுவதே பெரிய காரியம். பேர்பெற்ற மெயின் பாயிண்ட்டில் அடியில் பாறை, பழகியவர்களுக்கான இடம் அது. ஒரு வாரம் லீவு உள்ளவர்கள் போகட்டும். பொங்கலுக்குப் போய் அலைமேல் நிற்க ஆசைப்பட்டால் தெற்கே வெலிகம நல்லது. மணல் தரை, அந்த மாதங்களில் சாதுவான அலை.

தோட்டக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கிணற்றுத் தண்ணீர் இழுக்காது, கடல் இழுக்கும். எவ்வளவு நன்றாக நீந்தினாலும் முதல் நாள் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் இறங்க வேண்டாம்.