மாநிலப் பாடநூலா, என்.சி.இ.ஆர்.டி.யா? பயாலஜி குரூப் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

ஜூன் மாதம் பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பிள்ளை வந்து கேட்டுவிடும்: "மிஸ், நான் நீட்டும் எழுதப் போறேன். ஸ்டேட் போர்டு புக்கை ஓரமா வெச்சிட்டு என்.சி.இ.ஆர்.டி. மட்டும் படிச்சா போதுமா?" நீட் என்பது மருத்துவப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு. என்.சி.இ.ஆர்.டி. என்பது மத்திய அரசின் பாடநூல் நிறுவனம், அதன் புத்தகத்தையும் அந்தப் பெயராலேயே சொல்கிறோம். போதாது என்பதுதான் என் பதில். ஆனால் ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய பதில் இல்லை அது. நான் தாவரவியல் நடத்துகிறவள். இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரீட்சைகளைப் பார்த்துவிடுவோம். பப்ளிக்கில், அதாவது பிளஸ் டூ அரசுப் பொதுத்தேர்வில், உயிரியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35, தனித்தனி விடைத்தாள். ஒவ்வொரு பகுதியிலும் எட்டு ஒரு மார்க் ஒன் வேர்டு, நான்கு இரண்டு மார்க், மூன்று மூன்று மார்க், இரண்டு ஐந்து மார்க். மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். மூன்று மணி நேரம் எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், பாகம் குறிக்க வேண்டும். நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். அதில் சரிபாதி, அதாவது 90 கேள்வியும் 360 மதிப்பெண்ணும், உயிரியல். சரியான விடைக்கு நான்கு கிடைக்கும், தப்பான விடைக்கு ஒன்று குறையும். இயற்பியல் கணக்குகளுக்கு நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் உயிரியலை ஐம்பது நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். பப்ளிக்குக்கு வெற்றுத்தாளில் விடையை உருவாக்கத் தெரிய வேண்டும். நீட்டுக்கு நான்கு வரிகளில் எது பிசகியிருக்கிறது என்று பார்த்தவுடன் பிடிபட வேண்டும். புத்தகங்களின் வித்தியாசமும் ஏறக்குறைய இதே வித்தியாசம்தான்.

ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறேன்: கருவூண் திசு, அதாவது விதைக்குள் கருவுக்கு உணவாகும் திசு. என்.சி.இ.ஆர்.டி. இதைச் சில வரிகளில் முடித்துவிடும். ஆனால் அந்தச் சில வரிக்குள், இளநீர் என்பது ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதக்கும் கருவூண், அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பருப்பு செல்களாகப் பிரிந்துவிட்ட கருவூண் என்று சொல்லிவிடும். எவ்வளவு அழகான வரி! கடையில் இளநீர் குடிக்கிற ஒவ்வொரு முறையும் பாடம் ஞாபகம் வரும். நீட்டில் இந்த ஒற்றை வரியிலிருந்தே கேள்வி வந்திருக்கிறது.

நம் மாநிலப் புத்தகம் வேறு மாதிரி. உட்கரு சார்ந்தது, செல் சார்ந்தது, ஹீலோபிய வகை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாவர உதாரணங்கள் தரும். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா எல்லாம் அங்கே வரும். வெட்டிய கொட்டைப்பாக்கில் வரிவரியாகத் தெரிகிறதே, அதுவும் கருவூண்தான் என்பதும் அங்கேதான் கிடைக்கும். கருவும் கருவூணும் உண்டாகக் காரணமான இரட்டைக் கருவுறுதலை நவாஷினும் கினார்டும் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாறும் நம் புத்தகத்தில் உண்டு. ஆழம் என்று பார்த்தால் மாநிலப் புத்தகம்தான் முன்னால் நிற்கிறது. இதைத் தயங்காமல் சொல்வேன். மாநிலப் பாடநூல் தரம் குறைந்தது என்ற பேச்சு 2018, 2019-இல் புதிய பாடத்திட்டப் புத்தகங்கள் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. புது உயிரியல் புத்தகங்களைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆழம் எங்கே கைகொடுக்கும் என்பதற்கு என் வகுப்பிலேயே ஒரு சம்பவம். ஒரு மாணவி ஜூனிலிருந்தே என்.சி.இ.ஆர்.டி.யை மட்டும் படித்தாள். கெட்டிக்காரப் பெண். அரையாண்டில் இருவித்திலைக் கரு வளர்ச்சியை விவரிக்கச் சொல்லி ஐந்து மார்க் கேள்வி. முன்கரு, கோள வடிவம், இதய வடிவம், முதிர்ந்த கரு என்று நான்கு படம் போட்டு அரைப் பக்கத்தில் முடித்துவிட்டாள். அவள் படித்த புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான். நம் புத்தகமோ காப்செல்லா என்ற செடியை உதாரணமாக வைத்து, முதல் குறுக்குப் பகுப்பில் வரும் அடி செல், நுனி செல்லிலிருந்து தொடங்கி எட்டு செல் நிலை வரை படிப்படியாகக் கொண்டுபோகிறது. இரண்டு மதிப்பெண்தான் போட முடிந்தது. "மிஸ், நான் எழுதினது தப்பா?" என்று கேட்டாள். தப்பே இல்லை, பாதிதான் இருந்தது. நல்ல வேளையாக அது அரையாண்டு.

இதற்கு நேர்மாறான இழப்பும் உண்டு. மாநிலப் புத்தகத்தை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு நீட்டுக்குப் போகிறவர்கள் சின்னச் சின்ன இடங்களில் சறுக்குவார்கள். நம் பிளஸ் ஒன் விலங்கியலில் தவளை என்றால் ரானா ஹெக்சாடாக்டைலா. என்.சி.இ.ஆர்.டி.யில் ரானா டைக்ரினா. மனித மரபணுத் தொகுதித் திட்டத்தில் முதல் குரோமோசோமில் 2968 ஜீன்கள், ஒய் குரோமோசோமில் 231 ஜீன்கள் என்பது மாதிரி எண்களை என்.சி.இ.ஆர்.டி. வரிசையாக அடுக்கியிருக்கும். நீட் கேள்வி எடுப்பவர்கள் அந்த வாக்கியங்களை ஒரு வார்த்தை மட்டும் மாற்றிப் போட்டு 'சரியா, தவறா' என்று கேட்பார்கள். கருத்து தெரிந்திருந்தும் அந்த வாக்கியத்தைப் படித்திராத பிள்ளை அங்கே தடுமாறும். அதனால் நீட் எழுதுகிறவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. வரிக்கு வரி அவசியம். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

அமைப்பு என்று வந்தால் என் ஓட்டு என்.சி.இ.ஆர்.டி.க்கு. மரபியலைப் பாருங்கள். நம் பாடத்திட்டத்தில் மெண்டல் தாவரவியலில் வருவார். இரத்த வகையும் பால் நிர்ணயமும் விலங்கியலில். டி.என்.ஏ., படியெடுத்தல், லாக் ஓபரான் எல்லாம் விலங்கியலில் இன்னொரு பாடம். இரண்டு ஆசிரியர்கள் வெவ்வேறு மாதங்களில் நடத்துவோம். பிள்ளைக்கு இவையெல்லாம் ஒரே கதையின் பகுதிகள் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. என்.சி.இ.ஆர்.டி.யில் மெண்டலில் தொடங்கி டி.என்.ஏ. வரை அடுத்தடுத்த இரண்டு பாடங்களில் ஓடிவிடும். நீட் எழுதாத பிள்ளைகளுக்கும்கூட இந்த இரண்டு பாடங்களை அங்கே ஒருமுறை வாசிக்கச் சொல்கிறேன்.

அப்புறம், பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் பாடங்களைக் குறைத்தது. பிளஸ் ஒன்னில் 22 பாடம் 19 ஆனது, பிளஸ் டூவில் 16 பாடம் 13 ஆனது. செரித்தல், தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் எல்லாம் போய்விட்டன. நம் மாநிலப் புத்தகத்தில் இவை இருக்கின்றன, பப்ளிக்குக்குச் சுற்றுச்சூழல் பாடத்தைப் படித்தே ஆக வேண்டும். சீனியர் கொடுத்த பழைய என்.சி.இ.ஆர்.டி.யை வைத்திருப்பவர்கள் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிடும் நீட் பாடத்திட்டத்தை அச்செடுத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடே வேறு. என்.சி.இ.ஆர்.டி. தன் பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் புத்தகங்களைத் தமிழில் போடுவதில்லை. நீட்டைத் தமிழில் எழுதலாம், ஆனால் அந்தக் கேள்விகளுக்கு அடிப்படையான புத்தகம் தமிழில் இல்லை. இது நியாயமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. 2018 நீட்டில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணையாகக் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதுதான் இன்றும் விதி. தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தரும் வினாத்தாளில் ஆங்கிலமும் இருக்கும். ஆகவே நான் சொல்வது இதுதான்: பாடம் புரிய மாநிலத் தமிழ்ப் புத்தகம், அதன் ஓரத்திலேயே பென்சிலால் ஆங்கிலச் சொல். குன்றல் பகுப்புக்குப் பக்கத்தில் மியோசிஸ், கருவூண் திசுவுக்குப் பக்கத்தில் எண்டோஸ்பெர்ம். ஒரு பாடத்துக்கு முப்பது நாற்பது சொல்தான் வரும். டிசம்பருக்குள் என்.சி.இ.ஆர்.டி.யின் ஆங்கில வரிகள் மிரட்டுவதை நிறுத்திவிடும்.

கைடு பற்றியும் கேட்பீர்கள். மூன்றாவது போட்டியாளராக அதை வைக்க எனக்கு விருப்பமில்லை. பழைய வினாக்களைத் தேடி அலையாமல் ஒரே இடத்தில் பார்க்க உதவும், அதற்கு வாங்கலாம். பாட முடிவில் இருக்கும் புக் பேக் ஒன் வேர்டு விடையைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கும்போது பக்கத்து வரிகளும் கண்ணில் படும், அதிலிருந்துதான் புக் இன்சைட் கேள்வி, அதாவது பாடத்துக்குள்ளிருந்து எடுக்கும் கேள்வி, வரும். கைடில் அந்தப் பக்கத்து வரி இருக்காது.

நீட் எழுதாதவர்களுக்கு என் பதில் சுருக்கம்: மாநிலப் புத்தகம் மட்டும். வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங், பார்மசி எல்லாவற்றுக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். பப்ளிக்கை முடித்துவிட்டு நீட்டுக்காக மட்டும் ஒரு வருடம் உட்காருகிறவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி.தான் முதல் புத்தகம்.

இரண்டும் எழுதுகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. பள்ளியில் ஒரு பாடம் முடிந்த அன்றே மாநிலப் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரு ஐந்து மார்க் விடையும் ஒரு படமும் எழுதுங்கள். திறந்து பார்த்துத் திருத்துங்கள். அடுத்த நாள் அதே பாடத்தை என்.சி.இ.ஆர்.டி.யில் வாசித்து, புதிதாகவோ வேறாகவோ இருப்பதை மட்டும் மாநிலப் புத்தகத்தின் ஓரத்தில் குறியுங்கள். தனி நோட்டு வேண்டாம், அது தொலைந்துபோகும். பிளஸ் ஒன் பாடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். நீட் உயிரியலில் ஏறத்தாழ பாதி அங்கிருந்துதான் வருகிறது, மனித உடற்செயலியலும் தாவரச் செயலியலும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. ஜனவரி முதல் பப்ளிக் முடியும்வரை என்.சி.இ.ஆர்.டி.யை அலமாரியில் வைத்துவிடுங்கள். ரிவிஷன் டெஸ்ட்டும் ரெக்கார்டு நோட்டும் செய்முறைத் தேர்வில் பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டரும் அந்த நாட்களை முழுதாக எடுத்துக்கொள்ளும்.

மார்ச்சில் கடைசிப் பரீட்சை முடிந்து மே முதல் வாரத்து நீட் வரை ஐந்தாறு வாரம் கிடைக்கும். அந்த நாட்களில் காலையில் ஓரத்தில் குறித்துவைத்த மாநிலப் புத்தகத்தை ஒரு புரட்டு, பிறகு என்.சி.இ.ஆர்.டி. ஒரு பாடம் வரி விடாமல், மாலையில் கடிகாரம் வைத்து 90 கேள்வி. ஏப்ரலில் யாராவது புதிதாக ஒரு மெட்டீரியலைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், பரீட்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.