தண்ணீர் ஊற்றும் பேட்டரியா, மூடிய பேட்டரியா?

ஆத்தங்குடி கல் ஏற்றும் என் பிக்கப்பில், பேட்டரி 14 மாதத்திலேயே கையை விரித்துவிட்டது. காரைக்குடி கடைக்காரர் மூடிகளைத் திருகித் திறந்து காட்டினார்: ஆறு அறைகளில் இரண்டில் தகடு தண்ணீருக்கு மேலே வெளுத்து நின்றது. சித்திரை வெயிலும் இன்ஜின் சூடும் குடித்துவிட்டன. நானும் எட்டிப் பார்க்கவில்லை.

அதே ரகம் என்றால் விலை குறைவு. மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம், ஒவ்வொரு அறையிலும் அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கலாம், அது 1.25ஐத் தாண்டினால் நல்ல சார்ஜ். குழாய்த் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும்.

மூடிய ரகமான மெயின்டனன்ஸ் ஃப்ரீயில் இந்த வேலை இல்லை. ஆனால் உள்ளே வற்றினால் நிரப்பவும் வழியில்லை, ஓவர் சார்ஜ் ஆனால் சத்தமில்லாமல் போய்விடும். சந்தேகத்தில் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தோம்: 15.2 வோல்ட்! 14.4ஐ ஒட்டி நிற்க வேண்டியது. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றாமல் எதை வைத்தாலும் இதே கதிதான்.

அதை மாற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றும் ரகத்தையே வாங்கினேன். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிறதே! டிரைவர் தம்பிதான் முணுமுணுக்கிறான். மாதாமாதம் மூடி திறப்பது அவன் வேலை.