டை காஸ்டிங் பார்ட் வாங்குறவங்க படிங்க: "ஸ்ட்ரெஸ் ரிலீவ் ஆச்சு சார்"னு சொல்லி 4 லட்சம் காலி

4 லட்சம் போச்சு. வயிறு எரியுது, அந்தச் சூட்டோடயே எழுதிடுறேன்.

பிரஷர் டை காஸ்டிங் (உருக்குன உலோகத்த அழுத்தி டைன்ற அச்சுக்குள்ள தள்ளி வார்க்குறது) பண்ற ஒரு ஜாப் ஷாப், பேர் வேணாம். பார்ட் ஏடிசி12ன்ற அலுமினிய அலாய்ல ஒரு கவர், சுவர் மெல்லிசு, நடுவுல தடியான பாஸ் (மேடா துருத்துற இடம்). இந்த மாதிரி பார்ட்ல மெல்லிசு இடம் சட்டுனு உறைஞ்சிடும், தடி இடம் லேட்டா சுருங்கும், டை வேற சுருங்க விடாம புடிச்சிருக்கும், வெளிய எடுத்ததும் தண்ணில போட்டா இன்னும் மோசம், அந்த இழுவை பூரா ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்ஸா உள்ளயே தங்கிடும். அதனாலதான் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (ஃபர்னஸ்ல மிதமா சூடு பண்ணி அந்த இழுவைய எடுக்குறது) கட்டாயம்னு ஆர்டர்லயே எழுதி அதுக்குத் தனி சார்ஜும் குடுத்தேன். ஓனரே கூட்டிட்டுப் போய் ஃபர்னஸ காட்டி "இதுல ஏறாம ஒரு பார்ட் வெளிய போகாது சார், நான் பொறுப்பு"ன்னார். அந்த வார்த்தைக்குத்தான் முழுப் பணமும் குடுத்தேன்.

சரக்கு வந்தப்ப அளவு எல்லாம் ஓகே. ஒரு முகத்த மில் பண்ணி கிளாம்ப லூஸ் பண்ணதும் தூக்கிக்குது! கேட்ட ப்ளாட்னெஸ் (முகம் எவ்வளவு வரைக்கும் வளையலாம்ங்கிற அளவு) 0.05 எம்எம், வந்தது 0.2க்கு மேல. மெஷின் பண்ணதெல்லாம் ஸ்கிராப், மெஷினிங் கூலியும் சேந்து 4 லட்சம்.

போன் பண்ணா "உங்க ஃபிக்ஸ்சர் (மெஷின்ல பார்ட்ட புடிக்கிற அமைப்பு) ஓவர் டைட் சார்". லேசா புடிச்சு ஓட்டுனாலும் அதே வளைவு. அடுத்து "எக்ஸ்ரே ரிப்போர்ட் கிளீனா இருக்கே", யோவ், அந்த எக்ஸ்ரே ப்ளோ ஹோலத்தான் (உள்ள இருக்குற காத்து ஓட்டை) காட்டும், ஸ்ட்ரெஸ்ஸ காட்டாது. ரொம்ப நெருக்குன பிறகு ஒரு ஃபர்னஸ் சார்ட் (எந்தச் சூட்ல எவ்வளவு நேரம் வச்சாங்கன்ற பதிவு) வந்துச்சு, அதுல 520 டிகிரி! சாதாரண பிரஷர் டை காஸ்டிங்க அந்தச் சூட்ல வச்சா உள்ள மாட்டுன காத்து ஊதி மேலெல்லாம் கொப்புளம் கிளம்பிடும், என் பார்ட்ல ஒரு கொப்புளம் கூட இல்ல. வேற எவனோட சரக்குக்கோ போட்ட சார்ட்ட எனக்கு அனுப்பிருக்காங்க. மிச்சம் இருந்த கொஞ்சம் பார்ட்ட வேற இடத்துல 230 டிகிரில சில மணி நேரம் வச்சு, காத்துல ஆறவிட்டு மில் பண்ணேன், நேரா நிக்குது. இத சொன்னதுல இருந்து "ஓனர் வெளிய போயிருக்கார்"தான் பதில். என் 4 லட்சத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுத நெனச்சேன், இப்ப முடியல. சார்ட்ல உங்க லாட் நம்பர், டெம்பரேச்சர், நேரம் மூணும் இருக்கானு பாருங்க. மொத்த லாட்டயும் மெஷின்ல ஏத்தாதீங்க, ரெண்டு மூணு பார்ட்ட மில் பண்ணி, கிளாம்ப விட்டு அளந்து பாத்துட்டு அப்புறம் பேலன்ஸ் பணத்த குடுங்க.