பத்திரிகைக்குப் படம் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் பதினோரு பெண்கள் சேர்ந்த குழு எங்களுடையது. கணக்கும் கடிதமும் நான் பார்க்கிறேன். போன மார்ச்சில், தேனை வடிகட்டிப் பாட்டிலில் அடைக்கச் சொந்தமாக ஒரு கூடம் திறந்தோம். பத்திரிகைகளுக்கு அனுப்பச் செய்திக்குறிப்பை நானே எழுதிவிட்டேன். படத்துக்கு ஒரு ஸ்டுடியோக்காரரைப் பிடித்தோம். ‘பிரஸ் பேக்கேஜ்’ என்றார். படம் எடுக்க 6,500 ரூபாய். மூன்று பேப்பரில் கட்டாயம் வரவைப்பேன் என்று சொல்லி அதற்குத் தனியாக 2,000. மொத்தத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பினேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை.

விழா அன்று குத்துவிளக்கு, ரிப்பன், பொன்னாடை எல்லாம் எடுத்தார். அப்புறம் எங்களையும் விருந்தினர்களையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, நாலு கிளிக். ஒருவர் முகமும் தெளியவில்லை.

அதே நேரம் பின்னால் ரப்பர் தோட்டத்தில் எங்கள் மூத்த அக்கா பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். தேனடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கிப் பிடித்ததும் வெயில் பட்டு அடை முழுக்கப் பொன்னாக மின்னியது. விரல் முட்டியில் நாலைந்து தேனீ. சட்டத்தின் கீழ்க்கட்டையில் ஒரு சொட்டுத் தேன் திரண்டு நின்றது. “அண்ணே, இதை எடுங்க” என்று ஓடிப்போய்க் கூப்பிட்டேன். “கை அழுக்கா இருக்கு, பேப்பருக்கு நல்லா இருக்காது” என்றார். அக்கா சட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டு, “விடு மக்ளே” என்றார். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அன்று மாலையே தருவதாகச் சொன்ன படங்கள் மறுநாள் இரவு வாட்ஸ்அப்பில் வந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஸ்டுடியோ பெயர், போன் நம்பர். ஒரு படம் 90 கேபிகூட இல்லை. நாகர்கோவிலில் தெரிந்த நிருபர் தம்பி ஒருவர்தான் பொறுமையாக விளக்கினார். 6 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாக, 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், 1,800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாகவோ மெயிலிலோ அனுப்ப வேண்டும். ஸ்டுடியோ பெயர் பதித்த படத்தைப் போட முடியாது. “அக்கா, இடமிருந்து வலமா பேர் எழுதுங்க. இத்தனை பேர் வரிசையா நின்னா பேர் போடவே இடம் போயிரும். ரெண்டு மூணு பேர், கையில ஒரு வேலை, அப்படி ஒரு படம் இல்லையா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் ஒரிஜினல் கேட்டேன். காப்பிரைட் தன்னுடையது, இன்னும் 3,000 தந்தால் தருகிறேன் என்றார். இதை நம்பி யாரும் கூடுதல் பணம் கொடுத்துவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து நாம் எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை நமக்குத்தான், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை. அதனால் அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள். ஒரிஜினல் ஃபைல், பெயர் பதிக்காமல், அன்று மாலைக்குள், என்னென்ன காட்சி என்பதோடு எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அந்த 2,000 இன்னும் திரும்பவில்லை. செய்தியைப் போடுவதா வேண்டாமா என்பது ஆசிரியர் குழு எடுக்கும் முடிவு. காசு கட்டி வருவது விளம்பரம். கட்டாயம் வரவைப்பேன் என்று ஒருவர் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

குழுவில் ஒரு அக்காவின் மகன் வக்கீல். அவர் பேசிய பிறகு பென்டிரைவ் வந்தது. 46 படம். தேன் எடுக்கும் படம் ஒன்றுகூட அதில் இல்லை. எங்கள் பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது, இலைக்காம்பில் சுரக்கும் தேனைத்தான் தேனீக்கள் சேர்க்கும். அந்தப் பருவம் முடிந்துவிட்டது. அக்கா மறுபடி அப்படி ஒரு அடையைத் தூக்கிப் பிடிக்க அடுத்த வருஷம் ஆகும்.