எஸ்ட்விங் 22 அவுன்ஸ் பாறைச் சுத்தியல்: பாசிக்குச் சரி, வெங்கச்சங்கல்லுக்கு (குவார்ட்ஸ்)?

பனி உருகியதும் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் வடக்குக் காடுகளுக்குக் கனிமம் தேடப் போகிறவர்களில் பலரின் இடுப்பில் இந்த நீலப்பிடிச் சுத்தியல்தான் தொங்கும். தலையும் காம்பும் ஒரே எஃகில் அடித்தவை. தலை கழன்று பறக்கும் பேச்சே இல்லை. ஹெலிகாப்டர் இறக்கிவிட்டுப் போன இடத்தில் காம்பு மாற்ற ஆளைத் தேட முடியாது. அதற்காகவே இதை வாங்கலாம். தலை சுமார் 620 கிராம், மொத்த நீளம் 13 அங்குலம்.

அந்தக் காடுகளில் பாறை பெரும்பாலும் பாசிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கூர்முனையைப் பாசியின் ஓரத்தில் செருகி இழுத்தால் பாய் சுருட்டுவதுபோல உரிந்து வரும். ஆனால் நாள் முழுக்கக் குனிந்து இழுத்தால் முதுகு போய்விடும். பாசிக்காட்டு வேலை என்றால் பதினாறரை அங்குல நீளக்காம்பு வகையை எடுங்கள்.

பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய பாறையின் நடுவில் அடித்தால் சுத்தியல் துள்ளும், மணிக்கட்டுதான் நோகும். விரிசலோ விளிம்போ பார்த்து, சதுர முகத்தின் ஓரம் படும்படி அடிக்க வேண்டும். துருவேறிய மேல்தோல் போய்ப் புதுமுகம் தெரிந்த பிறகே லென்ஸை எடுப்பதில் அர்த்தம் உண்டு.

தடித்த வெங்கச்சங்கல் பட்டை இதற்கு மசியாது. கிலோ கணக்கில் மாதிரி வேண்டுமென்றால் 3 பவுண்டு சம்மட்டியும் உளியும் தனியாகச் சுமக்கத்தான் வேண்டும். இந்தச் சுத்தியலையே உளியாக வைத்து, இன்னொரு சுத்தியலால் அதன் தலையில் தட்டுபவர்கள் உண்டு. கடினமாக்கிய எஃகோடு எஃகு மோதினால் சில்லு தெறிக்கும், கண் போகும். கல்லை உடைக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அடிக்காதீர்கள்.

எஃகு என்பதால் திசைகாட்டியின் காந்த ஊசியையும் இழுக்கும். பாறையின் திசையை அளக்கும் முன் சுத்தியலை நாலைந்து அடி தள்ளி வையுங்கள். வைத்த இடம் மறந்துபோகும் என்பது வேறு விஷயம். நீலப்பிடி பாசிக்குள் கண்ணில் படாது. பிடியில் ஆரஞ்சு நாடா சுற்றுவது நல்லது. மாதிரி எடுக்கும் கையில் தங்க மோதிரம் வேண்டாம். ஆய்வகம் நூறு கோடியில் சில பங்கு தங்கத்தைக்கூட அளக்கும், மோதிரத்தின் உராய்வே கணக்கைக் கெடுத்துவிடும்.

இடுப்புறை மூடியில்லாத வகையானால் விழுந்த மரங்களைத் தாண்டும்போது சுத்தியல் நழுவும். பட்டி வைத்த உறையாக வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் போட வேண்டும்.